வயதானால் மரபணுக்களின் வேலை எப்படி மாறுகிறது? குரங்கில் கண்டது மனிதருக்குப் பொருந்துமா?

கேள்வி: வடசென்னையில் முதுகலை விலங்கியல் படிக்கிறேன். முதியவர்கள், இளைஞர்கள் இரத்தத்தில் சில மரபணுக்களின் செயல்பாட்டை அளந்து, வெளியான குரங்குத் தரவுகளோடு ஒப்பிடுவதுதான் புராஜெக்ட். எங்கே தப்பு நடக்கும்?

பதில்:

தப்பு பெரும்பாலும் கணினியில் நடக்காது, ட்யூபில்தான் நடக்கும். அதற்கு முன்னால் அடிப்படை ஒன்று. வயதாகும்போது செல்களில் டி.என்.ஏ. பிழைகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சேரும், அது தனிக் கணக்கு. நீங்கள் அளக்கப்போவது, ஒரு மரபணுவிலிருந்து எத்தனை ஆர்.என்.ஏ. நகல்கள் இருக்கின்றன என்பதை. இந்த நகல்கள் நிமிடக் கணக்கிலும் மணிக் கணக்கிலும் ஏறி இறங்கும் சமாச்சாரம். நாற்பது வருட வயது வித்தியாசத்தைத் தேடிப் போய், நாலு மணி நேரத் தாமதத்தை அளந்துவிட்டு வருவது மிகச் சுலபம்.

முதியவர்களின் இரத்தத்தை ஓ.பி.யில் எடுக்கிறீர்கள், வரிசை நகர்ந்து ட்யூப் கைக்கு வர மூன்று மணி நேரம் ஆகிறது. இளைஞர்களின் இரத்தம் கல்லூரியிலேயே, எடுத்த பத்தாவது நிமிடத்தில் ஆய்வகத்துக்கு வந்துவிடுகிறது. உறையாமல் மட்டும் தடுக்கும் சாதாரண ஈ.டி.டி.ஏ. ட்யூபில் வெள்ளணுக்கள் உயிரோடுதான் இருக்கும். உடம்பை விட்டு வந்த அதிர்ச்சியில் ஃபாஸ், ஜுன், ஐ.எல்.8 போன்ற மரபணுக்களைக் கூட்டிக் குறைக்கும். கடைசியில் 'முதுமையில் அழற்சி மரபணுக்கள் கூடுகின்றன' என்று எழுதுவீர்கள். அந்த வாக்கியம் உண்மைதான், ஆனால் உங்கள் தரவு அதற்குச் சாட்சி இல்லை.

அதனால் பேக்ஸ்ஜீன் மாதிரி, எடுத்தவுடன் செல்லை உடைத்து ஆர்.என்.ஏ.வை நிலைநிறுத்தும் ட்யூப் வாங்குங்கள். 2.5 மில்லி இரத்தம் முழுதாக ஏற வேண்டும், உடனே 8 முதல் 10 தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும். கவிழ்க்காமல் ஸ்டாண்டில் வைத்துவிட்டால் மருந்து கலக்காது, பாதி ட்யூப் வீண். அறை வெப்பத்தில் 3 நாள் தாங்கும் என்று அட்டையில் போட்டிருப்பார்கள். அந்த 'அறை வெப்பம்' 18 முதல் 25 டிகிரி. மே மாதம் தண்டையார்பேட்டையிலிருந்து மாதவரம் வரை ஸ்கூட்டர் டிக்கியில் போகும் ட்யூபுக்கு அந்த விதி செல்லாது. ஐஸ் பேக் வைத்த பெட்டியில் 2 முதல் 8 டிகிரியில் கொண்டுபோங்கள், அப்படியென்றால் 5 நாள் வரை தாங்கும். உறைய வைப்பதாக இருந்தால் தெர்மாகோல் ஸ்டாண்டில் நிறுத்தாதீர்கள், ட்யூப் விரிசல் விடும். கம்பி ரேக்கில் வைத்து, முதலில் மைனஸ் 20-இல் ஒரு நாள், பிறகு மைனஸ் 70 அல்லது 80. பிரித்தெடுத்த ஆர்.என்.ஏ.வின் முழுமை எண் (ஆர்.ஐ.என்., பத்துக்கு எவ்வளவு என்று வரும்) 7-க்குக் கீழே இருந்தால் அந்த சாம்பிளை மனதைக் கல்லாக்கிக்கொண்டு தள்ளிவிடுங்கள். 260, 280 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சும் 260/280 விகிதம் 2.0-ஐ ஒட்டி இருக்கிறது என்பதால் ஆர்.என்.ஏ. உடையாமல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. புரதம் கலக்கவில்லை என்று மட்டும்தான் அது சொல்லும்.

இரத்தம் எடுக்கும் நேரம் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். காலையில் கார்டிசால் ஹார்மோன் உச்சத்தில் இருக்கும்போது பெர்1, எஃப்.கே.பி.பி.5 போன்ற மரபணுக்கள் தாமாகவே உயர்ந்திருக்கும். இரண்டு குழுவையும் ஒரே தெருக்களிலிருந்து எடுப்பது இன்னும் நல்லது. காசிமேட்டு முதியவர்களையும் வேறு ஊரிலிருந்து வந்து விடுதியில் தங்கியிருக்கும் மாணவர்களையும் ஒப்பிட்டால் வேலை, சாப்பாடு, காற்று எல்லாமே சேர்ந்து மாறிவிடும். சர்க்கரை வியாதி, மாத்திரைகள், பீடி சிகரெட் எல்லாவற்றையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், எல்.ஆர்.ஆர்.என்.3 என்ற மரபணு வயதோடு இரத்தத்தில் குறையும், புகைப்பவர்களிடம் கூடும். முதியவர் குழுவில் பீடி பிடிப்பவர்கள் அதிகம் இருந்தால் ஒன்று மற்றொன்றை அடித்துவிட்டு 'மாற்றமில்லை' என்று வந்து நிற்கும்.

அந்த மரபணு ஏன் குறைகிறது என்பதுதான் இந்தத் துறையின் பெரிய பொறி. அது புதுமுக டி செல்களில், அதாவது இன்னும் எந்தக் கிருமியையும் சந்திக்காத ஒருவகை வெள்ளணுக்களில், அதிகம் இருப்பது. வயதானால், டி செல்கள் முதிரும் தைமஸ் சுரப்பி சுருங்கி அந்தச் செல்களின் எண்ணிக்கையே குறைகிறது. சி.சி.ஆர்.7 என்ற மரபணுவின் கதையும் இதேதான். ஒவ்வொரு செல்லுக்குள்ளும் மரபணு அடங்கிப்போகவில்லை, அந்த வகைச் செல் குறைந்திருக்கிறது. கடையில் இட்லி விற்பனை குறைந்ததற்கு, இட்லி வாங்குகிறவர்கள் ஊரைவிட்டுப் போனதும் காரணமாக இருக்கலாம் இல்லையா? 2015-இல் வெளியான, 14,983 பேரின் இரத்தத்தை ஆராய்ந்த பெரிய ஆய்வு வயதோடு மாறும் 1,497 மரபணுக்களைப் பட்டியலிட்டது. அப்படிப்பட்ட பட்டியலை வாசிக்கும்போதும் இந்தச் சந்தேகம் கூடவே இருக்க வேண்டும். முழு இரத்த எண்ணிக்கையையாவது அதே நாளில் எடுத்துக் கணக்கில் சேருங்கள். முடிந்தால் செல்களை ஒவ்வொன்றாக ஒளியில் வகைபிரிக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரியில் டி செல் வகைகளைப் பிரித்துப் பாருங்கள்.

இனி குரங்கு. பெரும்பாலான தரவு ரீசஸ் குரங்கிலிருந்தும் நண்டுண்ணிக் குரங்கிலிருந்தும் வந்தது. நம் ஊர்க் கோயில் மலைகளில் வாழைப்பழத்தைப் பிடுங்கும் நாட்டுக்குரங்கு உறவினம்தான், ஆனால் வேறு இனம். ரீசஸுக்கு ஒரு வருடம் நமக்கு ஏறக்குறைய மூன்று வருடம். ஆகவே 20 வயதுக் குரங்கை 60 வயது மனிதரோடு வைத்துப் பார்க்க வேண்டும். 'வருடத்துக்கு இவ்வளவு மாற்றம்' என்ற சரிவை அப்படியே ஒப்பிட்டால் குரங்கில் எல்லாமே மும்மடங்கு வேகமாகத் தெரியும்.

ரீசஸின் முழு மரபணுத் தொகுதி 2007-இல் வெளியானது. நம்முடையதோடு சுமார் 93 சதவீதம் ஒத்துப்போகிறது. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் சராசரியாக 14 எழுத்துக்கு ஒரு வித்தியாசம் என்று படித்துப் பாருங்கள். புரதக் குறிமுறைப் பகுதியில் வித்தியாசம் இதைவிடக் குறைவு, மரபணுவின் ஓரப் பகுதிகளில் குறிமுறைப் பகுதியைவிட அதிகம். பி.சி.ஆரில் மரபணுவைப் பிடிக்கும் 20 எழுத்துத் துண்டான பிரைமரின் 3' முனையில் ஒரு எழுத்து பொருந்தாவிட்டாலே சி.டி. மதிப்பு (சமிக்ஞை தெரியத் தொடங்கும் நகலெடுப்புச் சுற்றின் எண்) பல சுற்று தள்ளிப்போகும். ஆரம்ப கால ஆய்வுகள் பலவற்றில் மனித மரபணுக்களுக்காகச் செய்த சில்லுகளிலேயே (மைக்ரோஅரே) குரங்கு ஆர்.என்.ஏ.வை ஓட்டினார்கள். அந்தத் தரவை எடுத்தால் குரங்கு வரிசையோடு பொருந்தாத ஆய்விகளை (சில்லில் பதித்த டி.என்.ஏ. துண்டுகளை) முதலில் நீக்குங்கள். மனித எண்ணையும் குரங்கு எண்ணையும் நேரடியாகக் கழிக்கவும் வேண்டாம். அந்தந்த இனத்துக்குள் இளமைக்கும் முதுமைக்கும் உள்ள வித்தியாசத்தைக் கண்டுபிடித்து, அந்த வித்தியாசங்களின் திசையை மட்டும் ஒப்பிடுங்கள்.

இவ்வளவையும் சலித்த பிறகு என்ன மிஞ்சுகிறது? மூளையில்தான் படம் தெளிவாக இருக்கிறது. 2004-இல் 26 முதல் 106 வயதுவரை 30 பேரின் மூளைப் புறணியைப் பார்த்த ஆய்வில், நரம்பிணைப்பு, நினைவு தொடர்பான மரபணுக்கள் நாற்பது வயதுக்குப் பிறகு தணிய, டி.என்.ஏ. பழுதுபார்ப்பு, அழுத்த எதிர்ப்பு மரபணுக்கள் ஏறின. 2008-இல் எலி, ரீசஸ், மனிதர் மூன்றையும் சேர்த்துப் பார்த்தபோது மூன்றிலும் பொதுவான மரபணுக்கள் கொஞ்சம்தான். அவற்றில் அப்போ-டி என்பது கூடுகிறது. நரம்பணு மரபணுக்கள் பெருமளவில் தணிவது எலியைவிடக் குரங்கிலும் மனிதரிலும் தூக்கலாகத் தெரிந்தது. பெயர்ப் பட்டியல் பொருந்தாவிட்டாலும் வேலைப் பிரிவு பொருந்தும் என்பதுதான் என் வாசிப்பு. பல திசுக்களில் அழற்சி ஏறுகிறது, மைட்டோகாண்ட்ரியா ஆற்றல் வேலை இறங்குகிறது.

சூழலுக்கும் இதில் பங்கு உண்டு. 1938-இல் இந்தியாவிலிருந்து கப்பலேற்றப்பட்ட ரீசஸ் குரங்குகளின் வாரிசுகள் போர்ட்டோ ரிக்கோ அருகே காயோ சாந்தியாகோ தீவில் இருக்கின்றன. 2017-இல் மரியா புயல் அடித்தது. அதன்பின் எடுத்த இரத்தத்தில் அவற்றின் நோய் எதிர்ப்பு மரபணுக்கள் சராசரியாக இரண்டு வயது கூடியதுபோல் நடந்துகொண்டன. மனிதக் கணக்கில் அது ஆறேழு வருடம்.

புள்ளிவிவரத்தில் இரண்டு விஷயம். வயது விளைவு பெரும்பாலும் 1.3 மடங்கு அளவில்தான் இருக்கும், சி.டி.யில் அது 0.4 கூட இல்லை. ஒரே சாம்பிளை மும்முறை ஓட்டும்போது வரும் சி.டி. விலகல் 0.2-ஐத் தாண்டினால் பைப்பெட் பிழைக்குள்ளேயே விளைவு மூழ்கிவிடும். ஜி.ஏ.பி.டி.எச். என்ற மரபணு ஒன்றை மட்டும் மாறாத அளவுகோலாக ஒப்பீட்டுக்கு வைக்காதீர்கள், அதுவே வயதோடு மாறக்கூடியது. குறைந்தது மூன்று வைத்து, நிலையானவற்றைத் தேர்ந்தெடுங்கள். அடுத்தது, பொதுத் தரவில் 15,000 மரபணுக்களைச் சோதித்து பி-மதிப்பு 0.05 என்று கோடு போட்டால் ஒன்றுமே இல்லாவிட்டாலும் 750 மரபணுக்கள் 'மாறியதாக' வரும். பொய்க் கண்டுபிடிப்பு விகிதத்தைத் திருத்திய மதிப்பையே பாருங்கள்.

குரங்கு இரத்தத்துக்கு நீங்களே முயல வேண்டாம். அது வனத்துறை அனுமதி, விலங்கு நெறிமுறைக் குழு என்று நீளும், புராஜெக்ட் காலத்துக்குள் முடியாது. மனித சாம்பிளுக்கும் நெறிமுறைக் குழு ஒப்புதல் கையில் வரும்வரை ஊசி எடுக்கக் கூடாது. காத்திருக்கும் நேரத்தில் ஜி.டி.இ.எக்ஸ். என்ற பொது மரபணுச் செயல்பாட்டுத் தரவில் கை பழகுங்கள், ஏறக்குறைய 950 பேரின் 54 வகை திசு இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் பொதுவில் வயது பத்தாண்டுப் பிரிவாக மட்டுமே இருக்கும். சாம்பிள்கள் இறந்தவர்களிடமிருந்து எடுத்தவை என்பதால், இறப்புக்கும் திசு எடுத்ததற்கும் இடையில் போன நேரத்தையும் மாடலில் மறக்காமல் சேருங்கள்.