போல்ட் பாதியில் நின்றுவிடுகிறதா? ரூகர் மார்க் 2 கைத்துப்பாக்கியைப் பிரித்துச் சேர்ப்பது பற்றி

கேள்வி: அப்பா வைத்திருந்த ரூகர் மார்க் 2 (.22) கைத்துப்பாக்கி இப்போது என் பெயரில் உரிமம் மாற்றப்பட்டு என்னிடம் உள்ளது. முதன்முறையாக அதைப் பிரித்துத் துடைத்துத் திரும்பச் சேர்த்தேன். போல்ட் இப்போது பாதி தூரம்தான் பின்னால் வருகிறது. எங்கே தவறு செய்தேன்? இதை எத்தனை நாளுக்கு ஒருமுறை பிரிக்க வேண்டும்?

பதில்:

பெரும்பாலும் எதுவும் உடைந்திருக்காது. ஆகையால் கவலைப்பட வேண்டாம், ஆனால் போல்ட்டை (தோட்டா அறையைப் பின்னாலிருந்து மூடும், முன்னும் பின்னும் நகரும் எஃகு உருளையை) வலுவாக இழுக்கவும் வேண்டாம். சுத்தியின் (விசையை, அதாவது டிரிகரை, அழுத்தியதும் முன்னே விழுந்து ஊசியை அடிக்கும் பாகத்தின்) பின்புறத்தில் மெல்லிய கம்பி போன்ற ஒரு துண்டு தளர்வாகத் தொங்கும். அதை ஸ்ட்ரட் என்பார்கள். பிடியின் பின்பக்கத்தில் உள்ள மெயின் ஸ்பிரிங்கின் தலையில் சிறு கிண்ணம் போன்ற குழி ஒன்று இருக்கிறது. ஸ்ட்ரட்டின் நுனி அந்தக் குழிக்குள் உட்கார்ந்தால்தான் சுத்தி தாராளமாகப் பின்னால் மடங்கும். நீங்கள் பிடியின் பின்பகுதியை மூடிய நேரத்தில் அந்த நுனி குழியைத் தவறவிட்டு வேறெங்கோ இடறி நிற்கிறது. சுத்தி மடங்க வழியில்லாததால் போல்ட் அதன்மேல் முட்டிக்கொண்டு பாதியில் நின்றுவிடுகிறது.

நான் தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகருக்குத் தெற்கே, கடலை ஒட்டிய இசிப்பிங்கோவில் வசிக்கிறேன். இதே மார்க் 2 எங்கள் மாமாவிடம் இருந்தது. அதைப் பிரிக்கவும் சேர்க்கவும் அவருடைய சாப்பாட்டு மேசையில், பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பின்மேல் வைத்துத்தான் கற்றுக்கொண்டேன். விரிப்பு வெள்ளையாக இருக்க வேண்டும் என்பதில் அவர் மிகவும் கண்டிப்பானவர். அதற்கான காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

எதையும் தொடுவதற்கு முன், மேகசினை (தோட்டாக்களை அடுக்கும் பெட்டியை) கழற்றுங்கள். போல்ட்டை எவ்வளவு வருகிறதோ அவ்வளவு பின்னால் இழுத்து, தோட்டா அறைக்குள் கண்ணால் பார்த்துவிட்டு, சுண்டு விரல் நுனியாலும் தொட்டுப் பாருங்கள். உங்கள் நிலையில் போல்ட் முழுதாகத் திறக்காது என்பதால் ஒரு கைவிளக்கு வைத்துப் பாருங்கள். தோட்டாக்கள் எல்லாம் வேறு அறையில் இருக்கட்டும். குழல் எப்போதும் ஆளில்லாத திசையை நோக்கியே இருக்கட்டும். மேகசினைக் கழற்றிவிட்டால் துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நினைப்பவர்கள் இன்னும் பலர் இருப்பதால் இதைச் சொல்கிறேன்: அறைக்குள் ஏறிவிட்ட தோட்டா மேகசினோடு வெளியே வராது.

முறையாகச் சேர்ந்திருக்கும் துப்பாக்கியைப் பிரிக்கும் வரிசை இது. அறை காலி என்று உறுதிசெய்தபின் போல்ட்டை முன்னால் விட்டு, பாதுகாப்புப் பொத்தானை விலக்கி, விசையை அழுத்திச் சுத்தியை முன்னால் விழச் செய்ய வேண்டும். பிடியின் பின்புறத்தில் பதிந்திருக்கும் சிறு கொக்கியை, நிமிர்த்திய பேப்பர் கிளிப்பாலோ மெல்லிய ஸ்க்ரூடிரைவராலோ நெம்பித் திறந்தால், மெயின் ஸ்பிரிங் இருக்கும் பகுதி கதவு போல வெளியே ஆடும். அதை அப்படியே கீழ்நோக்கி இழுத்தால், அதனோடு இணைந்த, பின் (pin) எனப்படும் நீண்ட எஃகு ஆணி துப்பாக்கியின் மேற்பரப்பிலிருந்து உருவிக்கொண்டு வரும். போல்ட்டைத் தடுத்து வைத்திருப்பது அந்தப் பின்தான். பிறகு போல்ட் பின்பக்கமாக நழுவி வந்துவிடும். குழலும் அதனோடு சேர்ந்த மேல் உருளையும் ஒரே துண்டு. மரச் சுத்தியலாலோ ரப்பர் சுத்தியலாலோ பின்னாலிருந்து லேசாகத் தட்டினால் அது சற்று முன்னே நகர்ந்து சட்டகத்திலிருந்து பிரியும். இரும்புச் சுத்தியலை அருகில்கூட வைக்காதீர்கள்.

சேர்ப்பதில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். குழல் பகுதியைச் சட்டகத்தின் கொளுவியில் பொருத்தி, பின்விளிம்புகள் இரண்டும் சரியாக ஒன்றும்வரை பின்னோக்கித் தட்டுங்கள். ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் பின் நுழையாது. சுத்தியைப் பின்னால் மடக்கி வைத்துப் போல்ட்டை உள்ளே தள்ளுங்கள். இப்போது குழலைத் தரையை நோக்கிச் சாய்த்து விசையை அழுத்தினால் சுத்தி தன் எடையால் முன்னே விழும். விழாவிட்டால் ஒரு குச்சியால் மெதுவாகத் தள்ளுங்கள். சுத்தி முன்னால் இருக்கும் நிலையிலேயே நீண்ட பின்னைக் கீழிருந்து மேலே செலுத்துங்கள். அதன் தலை மேற்பரப்பில் தெரிய வேண்டும். அடுத்துக் குழலை வானத்தை நோக்கி நிமிர்த்துங்கள். அப்போது ஸ்ட்ரட் பின்பக்கமாகச் சரிந்து, திறந்திருக்கும் ஸ்பிரிங் பகுதியை நோக்கித் தொங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகே மூடத் தொடங்குங்கள். மூடும்போது கடைசி விரற்கடை தூரத்தில் ஸ்பிரிங்கின் எதிர்ப்பு விரலுக்கு நன்றாகத் தெரிய வேண்டும். எந்த எதிர்ப்பும் இல்லாமல் லேசாக மூடிக்கொண்டால் ஸ்ட்ரட் குழியில் உட்காரவில்லை என்று பொருள். உங்களுக்கு அன்று நடந்தது இதுதான் என்று நினைக்கிறேன். உடனே திறந்து, குழலைத் தாழ்த்துவதிலிருந்து மீண்டும் தொடங்குங்கள். முடிந்ததும் போல்ட்டை இழுத்துப் பார்த்தால் அது கடைசிவரை வர வேண்டும்.

கொக்கியே திறக்காமல் இறுகிவிட்டாலோ, இரண்டு மூன்று முறை முயன்றும் போல்ட் வராவிட்டாலோ, உரிமம் பெற்ற துப்பாக்கிப் பழுதுபார்ப்பவரிடம் கொடுத்துவிடுங்கள். அவருக்கு அது சில நிமிட வேலை. வளைந்த ஸ்ட்ரட்டை மாற்றுவது அப்படியல்ல. மார்க் 3 வகை வைத்திருப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதில் மேகசின் உள்ளே இல்லாவிட்டால் சுத்தி விழாது. ஆகவே விசையை அழுத்தச் சொல்லும் இடங்களில் எல்லாம் காலி மேகசினைச் செருகி, பிறகு கழற்ற வேண்டும். 2016-இல் வந்த மார்க் 4-இல் இந்தப் பாடே இல்லை. பின்புறப் பொத்தானை அழுத்தினால் மேல்பகுதி மடங்கித் திறந்துவிடுகிறது. 1949-இல் வந்த முதல் ரூகர் கைத்துப்பாக்கி தொடங்கி மார்க் 3 வரை ஏறத்தாழ ஒரே அமைப்புத்தான்.

வெள்ளை விரிப்புக்கு வருகிறேன். போல்ட்டின் குறுக்கே மிகச் சிறிய பின் ஒன்று இருக்கிறது. தோட்டாவை அடிக்கும் ஊசி அளவுக்கு மேல் முன்னே போகாமல் தடுப்பது அதுதான். போல்ட்டைக் கவிழ்த்துத் துடைக்கும்போது அது சத்தமில்லாமல் விழுந்துவிடக்கூடும். .22 தோட்டாவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் கலவை நடுவில் இல்லை, அடிப்பாகத்தின் விளிம்புக்குள் இருக்கிறது. அதனால் ஊசியும் விளிம்பைத்தான் அடிக்கிறது. தோட்டா இல்லாமல் விசையை அழுத்தினால் அந்த ஊசிக்கு நேரெதிரே இருப்பது தோட்டா அறையின் எஃகு விளிம்பு. தடுப்புப் பின் இருந்தால் ஊசி அதைத் தொடாமல் நின்றுவிடும். நான் கற்றுக்கொண்ட முதல் ஆண்டில், மாமா வீட்டில் இல்லாத ஒரு மாலை, அந்தப் பின் விழுந்ததைக் கவனிக்காமல் துப்பாக்கியைச் சேர்த்து, சரியாக இருக்கிறதா என்று பார்க்க நாலைந்து முறை விசையை அழுத்திவிட்டேன். அறையின் விளிம்பில் நகக்கீறல் போல ஒரு பள்ளம் விழுந்து, பிதுங்கிய எஃகு அறைக்குள் துருத்திக்கொண்டது. அடுத்த வாரம் பயிற்சித் திடலில் வெற்றுக்கூடுகள் அறையிலேயே ஒட்டிக்கொண்டன. மாமா ஒரு சொல்லும் திட்டவில்லை; விரிப்பின் மடிப்பில் கிடந்த அந்தப் பின்னை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பழுதுபார்ப்பவர் அதற்கென்று உள்ள கருவியால் விளிம்பை நீவிச் சரிசெய்து கொடுத்தார். போல்ட்டை உள்ளே தள்ளுவதற்கு முன் அந்தப் பின் இருக்கிறதா என்று நீங்களும் பாருங்கள்.

இனி எத்தனை நாளுக்கு ஒருமுறை என்ற கேள்வி. முழுதாகப் பிரிப்பதை நான் பயிற்சிக் காலம் முடியும்போதும், தோட்டா சரியாக ஏறாமல் தகராறு செய்யும்போதும் மட்டுமே செய்கிறேன். சுட்ட நாளன்று போல்ட்டைப் பின்னால் நிறுத்தி, அதன் முகப்பையும் அறை வாயையும் துடைத்தாலே போதும். கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் தானாகத் திறந்து நிற்கும் வசதி மார்க் 2-இல் உண்டு என்பதால் இது எளிது. .22 லாங் ரைபிள் தோட்டாவின் குண்டு பெரும்பாலும் மெழுகு பூசிய ஈயம். அந்த மெழுகும் கரியும் எரியாத மருந்துத் துகளும் சேர்ந்து பிசின் போல இறுகும் இடம் குழல் அன்று, வெற்றுக்கூட்டைப் பற்றி இழுக்கும் கொக்கியின் அடிப்புறம். மரப் பல்குச்சி நுனியால் அந்த இடுக்கைச் சுரண்டிப் பாருங்கள். கருப்பாக உருண்டு வரும். தோட்டா சிக்குகிறது என்று வரும் குறைகளில் பாதி அந்த உருண்டையோடு போய்விடும் என்பது என் அனுபவம்.

குழலை அடிக்கடி தேய்ப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மென்மையான ஈயமும் மெழுகும் குழலை மிகக் குறைவாகவே தேய்க்கின்றன. தவறாகச் செலுத்தப்படும் சுத்தம் செய்யும் கம்பிதான் அதைவிட அதிகம் கெடுக்கிறது. தேய்ப்பதானால் போல்ட்டைக் கழற்றிவிட்டுப் பின்பக்கத்திலிருந்து கம்பியைச் செலுத்துங்கள். குண்டு வெளியேறும் வாயின் விளிம்பில் சிறு தேய்மானம் ஏற்பட்டாலும் குறி தவறத் தொடங்கும். முடித்தபின் குழலும் அறையும் உலர்ந்திருக்க வேண்டும். எண்ணெய் போல்ட் உரசும் தடங்களில் ஒரு துளி போதும். அதிகமானால் கரியோடு குழைந்து சேறாகும். ஊசியின் பாதையில் இறங்கினால் அடியின் வேகமும் குறையும்.

எங்கள் கடற்கரைக் காற்றில் உப்பும் ஈரமும் மிகுதி. நீலக்கருமை பூசிய எஃகில் விரல் ரேகை பட்ட இடத்திலேயே சில நாளில் செம்புள்ளி தோன்றியதைப் பார்த்திருக்கிறேன். ஆகவே பெட்டகத்தில் வைக்குமுன் எண்ணெய் தோய்ந்த துணியால் வெளிப்புறம் முழுவதும் துடைத்து, பிறகு வெறும் கையால் எஃகைத் தொடாமல் வைக்கிறேன். உள்ளே சிலிக்கா ஜெல் பை ஒன்று இருக்கும். தோலுறையில் போட்டு வைப்பது அழகாகத் தெரிந்தாலும் செய்யாதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

துடைத்த துணிகளில் ஈயம் இருக்கிறது. அவற்றைச் சமையலறைக் குப்பையில் போடாமல் தனிப் பையில் கட்டுங்கள். சன்னல் திறந்த இடத்தில் வேலை செய்யுங்கள். முடிந்ததும் குளிர்ந்த நீரிலும் சோப்பிலும் கைகளைக் கழுவிய பிறகே தேநீர்க் கோப்பையைத் தொடுங்கள். மாமா அந்த விரிப்பைக்கூட வீட்டுத் துணிகளோடு சேர்த்துத் துவைக்க விட்டதில்லை.