காசிமேட்டைக் குறைத்துச் சொல்லாதீர்கள்

அன்புள்ள அண்ணனுக்கு,

வியாசர்பாடியிலிருந்து எழுதுகிறேன். குரூப் 2 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பு எடுக்கும் சார், நாடாளுமன்ற நேரலையைத் தினமும் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். பதினொரு மணிக்குக் கூடுகிறார்கள், பதாகையைத் தூக்குகிறார்கள், கால் மணி நேரத்தில் பன்னிரண்டு வரை ஒத்திவைப்பு. பன்னிரண்டுக்கு வந்தால் இரண்டு மணி வரை ஒத்திவைப்பு. காசிமேடு மீன் ஏலத்தில்கூட இவ்வளவு கூச்சல் இல்லை. டீக்கடை அண்ணன் என் போனை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்குத்தான் சம்பளமா?" என்றார். இரு தரப்பையும் அதட்டி உட்கார வைக்கிற பலமான தலைவர் இல்லாததுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. சரிதானா?

ஆர்.

அன்புள்ள தம்பி,

முதலில் காசிமேட்டைக் குறைத்துச் சொல்லாதீர்கள். விடியற்காலையில் அங்கே போய் நின்றிருக்கிறீர்களா? கால் வைக்கிற இடமெல்லாம் ஐஸ் தண்ணீர். ஒரு கூடை சங்கராவைக் கொட்டியதும் ஏலம் விடுகிறவர் ஒரு விலை சொல்வார், சுற்றி நிற்கிற அம்மாக்கள் ஏற்றுவார்கள். "போன கூடைக்கு ஒரு விலை, இதுக்கு ஒரு விலையா?" என்று ஒரு அம்மா சண்டைக்குப் போவார். காது அடைத்துப்போகும். ஆனால் சில நிமிடங்களில் மீன் கை மாறிவிடும். அங்கே கத்துகிறவரின் கையில் இருப்பது அவருடைய சொந்தக் காசு. வேண்டுமென்றால் ஏற்றலாம், கட்டுபடியாகாவிட்டால் அடுத்த கூடைக்கு நகரலாம். மக்களவையில் கத்துகிறவர் கையில் என்ன இருக்கிறது?

பலமான தலைவர் இல்லை என்கிறீர்கள். 2019இல் பாஜக தனியாகவே 303 இடம் பிடித்தது. அதைவிடப் பலத்தை எங்கே போய்த் தேடுவது? அந்த மக்களவையின் ஐந்தாண்டும் துணை சபாநாயகர் நாற்காலி காலியாகவே கிடந்தது. 'கூடிய விரைவில்' தேர்ந்தெடுக்க வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 93ஆவது உறுப்பு (தேர்வில் கேட்பார்கள், குறித்துக்கொள்ளுங்கள்). அதற்கு முந்தைய அவையில் நம் தம்பிதுரை உட்கார்ந்திருந்த நாற்காலி அது.

சரி, பலமில்லாத கூட்டணி ஆட்சியில் மட்டும் என்ன வாழ்ந்தது? 2010 குளிர்காலக் கூட்டத்தொடர் 2ஜி அலைக்கற்றை விவகாரத்தில் அநேகமாக முழுசாகவே முடங்கியது. விசாரிக்க நாடாளுமன்றக் கூட்டுக்குழு வேண்டும் என்று அன்றைய எதிர்க்கட்சி பாஜக நின்றது, மாட்டோம் என்று ஆளுங்கட்சி காங்கிரஸ் நின்றது. அடுத்த வருஷம் அதே குழுவை அமைத்தார்கள். அன்றைக்கு முடக்கியவர்கள் இன்றைக்கு ஒழுங்கு பேசுகிறார்கள். அன்றைக்கு ஒழுங்கு பேசியவர்கள் இன்றைக்கு அவையின் நடுவே இறங்குகிறார்கள். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம்.

என் கணக்கில் கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது. 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற எம்.எல்.ஏ. இரண்டு வாரத்தில் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயாராம் கயாராம்' என்ற கேலி அப்படி வந்ததுதான். இந்த வியாபாரத்தை நிறுத்த 1985இல் கட்சித்தாவல் தடைச் சட்டம் வந்தது. நல்ல நோக்கம்தான். ஆனால் கொறடா உத்தரவை, அதாவது இப்படித்தான் ஓட்டுப் போட வேண்டும் என்கிற கட்சிக் கட்டளையை, மீறி ஓட்டுப் போட்டால் பதவி போகலாம் என்று ஆனதும், சொந்தக் கட்சியின் மசோதாவைப் படித்துப் பார்க்கிற தேவையே உறுப்பினருக்கு இல்லாமல் போய்விட்டது. ஆட்சி நிலைக்குமா என்ற ஓட்டுகளுக்கு மட்டும் அந்தக் கட்டாயத்தை வைத்துக்கொள்ளுங்கள் என்று 1990இலேயே தேர்தல் சீர்திருத்தத்துக்கான தினேஷ் கோஸ்வாமி குழு சொன்னது. எந்தக் கட்சித் தலைமை அதைக் காதில் வாங்கும்? கூட்டல் கழித்தல் முன்பே முடிந்துபோன அவையில், உறுப்பினருக்கு மிச்சம் இருப்பது தொண்டை ஒன்றுதான்.

பதவி போகுமா போகாதா என்று தீர்மானிப்பவர் சபாநாயகர். அவரும் ஒரு கட்சியின் ஆள். இதற்கு டெல்லி வரை போக வேண்டாம், உங்கள் பெரம்பூர் தொகுதியே போதும். 2017 பிப்ரவரியில் எடப்பாடி பழனிசாமியின் அதிமுக அரசு மீதான நம்பிக்கை வாக்கெடுப்பில், அதே கட்சியின் ஓ. பன்னீர்செல்வமும் இன்னும் பத்துப் பேரும் அரசை எதிர்த்து ஓட்டுப் போட்டார்கள். பதவி போகவில்லை. அதே வருஷம் அதே கட்சியின் வேறு 18 எம்.எல்.ஏ.க்கள் முதல்வருக்கு ஆதரவில்லை என்று ஆளுநரிடம் கடிதம்தான் கொடுத்தார்கள். செப்டம்பரில் 18 பேருடைய பதவியும் போனது. அதில் ஒருவர் பெரம்பூர் வெற்றிவேல். உயர் நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள் ஆளுக்கொரு தீர்ப்பு சொல்லி, மூன்றாவது நீதிபதியிடம் போய், 2018 அக்டோபரில்தான் நீக்கம் செல்லும் என்று ஆனது. இடைத்தேர்தல் 2019 ஏப்ரலில். ஒன்றரை வருஷத்துக்கு மேல் உங்கள் பகுதிக்கு எம்.எல்.ஏ. கிடையாது. மாநகராட்சித் தேர்தலும் நடக்காத காலம் என்பதால் கவுன்சிலரும் கிடையாது. என் தங்கை அப்போது எம்.கே.பி. நகரில் குடியிருந்தாள். குழாயில் சாக்கடை கலந்து வந்த தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து, பையில் வைத்துக்கொண்டு, யாரிடம் காட்டுவது என்று தெரியாமல் ஒரு வாரம் சுற்றினாள். கடைசியில் அந்தப் பாட்டில் பைக்குள்ளேயே கசிந்து ரேஷன் கார்டு நனைந்ததுதான் மிச்சம்.

அப்புறம், நீங்கள் கேட்கிற அதட்டலும் நடந்துவிட்டது. 2023 டிசம்பர் 13 அன்று பார்வையாளர் மாடத்திலிருந்து இருவர் மக்களவைக்குள் குதித்துப் புகை அடித்தார்கள். உள்துறை அமைச்சர் வந்து விளக்கம் சொல்லட்டும் என்று எதிர்க்கட்சிகள் கேட்டன. அடுத்த ஒரு வாரத்தில் இரு அவையிலும் சேர்த்து 146 பேர் இடைநீக்கம். அன்றைக்கு அவையிலேயே இல்லாத சேலம் எம்.பி.யின் பெயரையும் பட்டியலில் சேர்த்துவிட்டு, பிறகு எடுத்தார்கள். அவை அமைதியானது. அந்த அமைதியில்தான் இந்திய தண்டனைச் சட்டம் உட்பட மூன்று பழைய சட்டங்களுக்கு மாற்றான மசோதாக்கள் நிறைவேறின. உங்களையும் என்னையும் நாளைக்குப் போலீஸ் கைது செய்தால் செல்லுபடியாகிற சட்டம் தம்பி அது.

அந்த வாரம் நான் எண்ணூரில் ஒரு நண்பர் வீட்டில் இருந்தேன். மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு வந்த எண்ணெய் கழிமுகம் முழுக்கப் படிந்திருந்தது. அவருடைய படகின் நீலச் சாயம் பாதி வரைக்கும் கறுப்பு. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் நகக்கண்ணில் கறை போகவில்லை, அந்தக் கையாலேயே டீ கொடுத்தார். டிவியில் வெளியேற்றப்பட்ட எம்.பி.க்கள் படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார்கள். "நம்ம கதையை யாராவது பேசுறாங்களா பாரு" என்று சத்தத்தைக் கூட்டினார். நான் இருந்த வரைக்கும் எண்ணூர் வரவில்லை.

டீக்கடை அண்ணனுக்கு ஒரு பதில் உண்டு. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 கேள்விகளுக்கு வாய்மொழியாகவும் 230 கேள்விகளுக்கு எழுத்திலும் பதில் என்று ஒரு ஏற்பாடு இருக்கிறது. அமளி நடந்தாலும் எழுத்துப் பதில்கள் வந்து சேர்ந்துவிடும். மக்களவை இணையதளத்தில் உறுப்பினர் பெயரைப் போட்டுத் தேடலாம். வடசென்னை எம்.பி. எண்ணூரைப் பற்றி என்ன கேட்டார், அமைச்சர் என்ன சொன்னார் என்று ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். நேரலையைவிடத் தேர்வுக்கும் உதவும். பார்த்துவிட்டு எனக்கும் எழுதுங்கள்.

அன்புடன்.