‘வேண்டுமென்றே செய்கிறாரா?’: பார்க்கின்சன் நோயாளியின் துணைக்கு உள்ள கேள்விகள்

என் மனைவிக்குப் பார்க்கின்சன் நோய் என்று தெரிந்தபோது அவளுக்கு வயது 54. அதன்பின் 13 ஆண்டுகள் கூடவே இருந்து பார்த்துக்கொண்டேன். அவள் போய் மூன்று ஆண்டுகள் ஆகின்றன. நான் மருத்துவர் இல்லை. மருந்தின் அளவையோ நேரத்தையோ உங்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் மாற்றாதீர்கள். மற்றபடி, பட்டுத் தெரிந்துகொண்டதை ஒளிக்காமல் சொல்கிறேன்.

கேள்வி: ஐயா, என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்து மாதக்கணக்காகிறது. பேரன் ஓடிவந்து கட்டிக்கொண்டாலும் கல்லாக உட்கார்ந்திருக்கிறார். என்மேல் என்ன கோபமோ தெரியவில்லை.

பதில்: கோபமே இல்லை அம்மா. மூளையில் உடல் அசைவுக்கு உதவும் டோபமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் அழிவதால் கைகால் விறைப்பதுபோலவே முகத் தசைகளும் இறுகிவிடுகின்றன. உள்ளே மகிழ்ச்சி இருக்கும், முகத்துக்கு வந்து சேராது. குரல் தேய்ந்து முணுமுணுப்பாவதும், கையெழுத்து வர வர எறும்பு ஊர்ந்ததுபோல் சிறுத்துப்போவதும் இதே கதைதான்.

இது தெரியாமல் நான் இரண்டு ஆண்டுகளைப் பாழாக்கினேன். எங்கள் மகளுக்குத் திருமணம் நிச்சயமான செய்தியைச் சொன்னபோது என் மனைவியின் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. “உனக்குச் சந்தோஷமே இல்லையா?” என்று அத்தனை பேர் முன்னால் கேட்டுவிட்டேன். அன்றிரவு அவள் மெல்லச் சொன்னாள்: “நான் சிரித்துக்கொண்டுதானே இருந்தேன்?” அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது. உங்கள் கணவரின் முகத்தைப் பார்த்து எதையும் முடிவு செய்யாதீர்கள். வாய்விட்டுக் கேளுங்கள். பதில் வர நேரமாகும், காத்திருங்கள்.

கேள்வி: லெவோடோபா மாத்திரை சில நாள் நன்றாக வேலை செய்கிறது, சில நாள் போட்டும் பயனில்லை. மாத்திரையில் கோளாறா?

பதில்: முதலில் கடிகாரத்தையும் சாப்பாட்டையும் பாருங்கள். மூளைக்குப் போய் டோபமினாக மாறும் மருந்துதான் லெவோடோபா; அது சிறுகுடலில்தான் இரத்தத்தில் சேர்கிறது. பால், முட்டை, இறைச்சி, பருப்பு ஆகியவற்றின் புரதமும் அதே வழியில்தான் நுழைய வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் போனால் மருந்து பின்தங்கிவிடும். சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் கழித்தோ கொடுத்தால் பலருக்குச் சரிப்படும். மலச்சிக்கல் இருந்தாலும் மருந்து ஒழுங்காக ஏறாது. அதை அலட்சியம் செய்யாதீர்கள்.

நோய் முற்ற முற்ற ஒரு வேளை மாத்திரை தாங்கும் நேரமும் குறையும். மாத்திரை போட்ட நேரம், உடம்பு இளகிய நேரம், மறுபடி இறுகிய நேரம் மூன்றையும் ஒரு வாரம் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மருத்துவர் அந்த நோட்டைப் பார்த்துத்தான் நான்கு வேளையை ஆறு வேளையாகப் பிரித்தார்.

கேள்வி: மனைவி விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அறுவை சிகிச்சைக்குச் சேர்க்கிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: இரண்டு விஷயங்களைக் கொட்டை எழுத்தில் எழுதிக் கட்டிலருகே ஒட்டுங்கள். ஒன்று, மாத்திரை நேரங்கள். பார்க்கின்சன் மருந்தைத் திடீரென நிறுத்தினால் கடும் விறைப்பும் காய்ச்சலும் குழப்பமும் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மற்றொன்று, தவிர்க்க வேண்டிய மருந்துகள்: வாந்திக்குத் தரப்படும் மெட்டோகுளோபிரமைடு, மனக்குழப்பத்துக்குத் தரப்படும் ஹாலோபெரிடால். இரண்டும் டோபமினைத் தடுப்பவை. ஒருமுறை ஒரு மருத்துவமனையில் என் மனைவிக்கு இரண்டு வேளை மாத்திரை தவறிப்போய், மறுநாள் அவளால் புரண்டு படுக்கக்கூட முடியவில்லை. சங்கடம் பார்க்காமல் ஒவ்வொரு பணிநேரத்திலும் போய்ச் சொல்லுங்கள்.

கேள்வி: நன்றாக நடந்து வருபவர் அறை வாசலில் பசை போட்டு ஒட்டியதுபோல் நின்றுவிடுகிறார். கையைப் பிடித்து இழுத்தால் விழுகிறார். வேண்டுமென்றே செய்கிறாரா?

பதில்: இல்லை. இழுக்கவும் கூடாது, கால் நின்றிருக்க உடம்பு மட்டும் முன்னே போய்த்தான் விழுகிறார். யோசிக்காமல் நடக்கும் நம் பழக்கத்தை மூளையின் ஒரு பகுதி பார்த்துக்கொள்கிறது. பழுதாகியிருப்பது அதுதான். கண்ணெதிரே ஒரு குறி இருந்தால், அதைத் தாண்ட வேண்டும் என்ற எண்ணம் வேறு வழியாகக் காலுக்குப் போய்ச் சேர்கிறது.

நான் வாசல் முன்னால் தரையில் மஞ்சள் நாடா ஒன்றைக் குறுக்கே ஒட்டினேன். ‘நட’ என்றால் அவளால் முடியாது. ‘கோட்டைத் தாண்டு’ என்றால் காலை உயர்த்திச் சுலபமாகத் தாண்டிவிடுவாள். ‘ஒன்று, இரண்டு’ என்று தாளமாக எண்ணுவதும் உதவும். திரும்பும்போது நின்ற இடத்திலேயே சுழலவிடாமல் அரைவட்டமாகச் சுற்றி வரச் செய்யுங்கள்.

கேள்வி: அறை மூலையில் குழந்தைகள் விளையாடுவதாக இரவில் சொல்கிறார். பயமாக இருக்கிறது.

பதில்: நோயாலும் வரும், மருந்தாலும் வரும். திடீரென்று தொடங்கியிருந்தால் சிறுநீர்த் தொற்று இருக்கிறதா என்று உடனே பாருங்கள். யாருமில்லை என்று வாதாட வேண்டாம். விளக்கைப் போட்டு, “எனக்குத் தெரியவில்லை, நான் உங்களோடு இருக்கிறேன்” என்றால் போதும். மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

கேள்வி: தண்ணீர் குடித்தாலே புரையேறுகிறது.

பதில்: தள்ளிப்போட வேண்டாம். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கும் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்டுங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, சிறு மடக்காக, பேச்சுக் கொடுக்காமல் கொடுங்கள்; சாப்பிட்டதும் படுக்கவிடாதீர்கள். உணவு நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியாதான் இந்த நோயில் பலரைக் கொண்டுபோகிறது. என் மனைவியையும் அதுதான். விழுங்க முடியாமல் போனால் குழாய் வைப்பதா வேண்டாமா என்று அவர் பேசக்கூடிய நாளிலேயே அவரிடமே கேட்டுவிடுங்கள். நாங்கள் கேட்டிருந்தோம். கடைசி வாரத்தில் நான் தடுமாறாமல் நின்றது அவள் சொல்லிவைத்திருந்த பதிலால்தான்.

கேள்வி: நேற்று இரவு ஐந்தாவது முறை எழுப்பியபோது கத்திவிட்டேன். அவர் அழுதார். நான் கெட்டவளா?

பதில்: நீங்கள் தூங்காதவர். காலையில் அவர் கையைப் பிடித்து மன்னிப்புக் கேளுங்கள்; பிறகு வாரத்தில் இரண்டு இரவுகளுக்காவது வேறொருவரை ஏற்பாடு செய்யுங்கள். உறவினர்கள் “ஏதாவது வேண்டுமென்றால் சொல்” என்பார்கள். அப்போதே நாளையும் நேரத்தையும் குறித்துக் கேட்டுவிடுங்கள். நான் கேட்கத் தயங்கி, ஏழாம் ஆண்டில் முதுகு பிடித்துப் படுத்தேன். அவளைத் தூக்க ஆளில்லை.

கேள்வி: மனைவி இறந்து இரண்டு மாதம். அன்றிரவு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதை யாரிடமும் சொல்லவில்லை. இது எப்போது சரியாகும்?

பதில்: எனக்கும் அதுதான் முதலில் வந்தது ஐயா. அன்று ஒன்பது மணி நேரம் தூங்கினேன். எழுந்ததும் வெட்கம் தாங்கவில்லை. அவள் கையெழுத்து போனபோது, குரல் போனபோது, என் பெயரை மறந்த மாலையில் என்று ஒவ்வொன்றுக்கும் முன்னமே தனித்தனியாக அழுதிருந்தேன் என்பது பிறகுதான் புரிந்தது. உங்கள் நிம்மதியில் அவர் பட்ட பாடு முடிந்த நிம்மதியும் இருக்கிறது. எப்போது சரியாகும் என்று கேட்டால், எனக்கு முழுதாகச் சரியாகவில்லை. மாத்திரை நேரங்களில் கை தானாகப் பெட்டியைத் தேடுவது ஓர் ஆண்டில் நின்றது. வாசலில் அந்த மஞ்சள் நாடா இன்னும் இருக்கிறது. மகள் வந்திருந்தபோது உரித்துவிடட்டுமா என்று கேட்டாள். இருக்கட்டும் என்றேன். அவளும் காலை உயர்த்தி அதைத் தாண்டித்தான் வெளியே போனாள்.