வாசகர் கேள்வி: ஜப்பானில் பெட்டியோடு ஊர் சுற்ற

செர்ரிப் பூக்காலத்தை மனதில் வைத்து பெங்களூர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் பாதி பெட்டியைப் பற்றியவை. மீதிக் கேள்விகளிலும் சுற்றி வளைத்துப் பெட்டியே வந்து நிற்கிறது.

டோக்கியோ நான்கு நாள், கியோட்டோ மூன்று நாள், நடுவே ஒரு நாள் ஒசாகா. அப்பா, அம்மாவோடு நான்கு பேர். ஜே.ஆர். பாஸ் வாங்கிவிடலாமா? (வாசகி, அல்சூர்)

வேண்டாம். ஜப்பான் ரயில்வேயின் (ஜே.ஆர்.) ரயில்களில் குறிப்பிட்ட நாட்களுக்கு இஷ்டம்போல் ஏற விடுவது இந்தப் பாஸ். அது இல்லாமல் ஜப்பான் போகாதே என்று சொல்லும் வீடியோக்கள் பெரும்பாலும் பழையவை. 7 நாள் பாஸின் விலை 29,650 யென்னாக இருந்தது. 2023 அக்டோபரில் ஒரேயடியாக 50,000 ஆக்கிவிட்டார்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷிங்கான்சென் என்ற புல்லட் ரயிலில் ரிசர்வ்டு சீட் ஒருவருக்குச் சுமார் 14,000 யென். போகவர 28,000. கியோட்டோ-ஒசாகா சாதாரண ரயிலில் அரை மணி நேரம், 600 யென்னுக்குள் முடிந்துவிடும். ஆக, நான்கு பாஸ் வாங்கினால் 80,000 யென்னுக்கு மேல் வீண். கியோட்டோவில் தங்கி ஹிரோஷிமாவுக்கும் போய் வந்தால்தான் கணக்கு 50,000-ஐத் தொடும். அப்போதும் வேகமான ‘நொசோமி’ புல்லட் ரயிலில் ஏற பாஸ் வைத்திருப்பவர் தனிக் கட்டணம் கட்ட வேண்டும்.

டிக்கெட் எடுக்கும்போது டி அல்லது இ சீட் கேளுங்கள். டோக்கியோவிலிருந்து போகும்போது வலப்பக்கம் அதுதான். கிளம்பி முக்கால் மணி நேரத்துக்குள் ஃபுஜி மலை அந்தப் பக்கம் வரும். மேகம் மூடியிருந்தால் எந்த சீட்டும் உதவாது.

28 இன்ச் பெட்டி இரண்டு. புல்லட் ரயிலில் ஏற்ற விடமாட்டார்களாமே? (வாசகர், ஜெயநகர்)

விடுவார்கள். அளவுதான் கணக்கு. தையல்காரர் டேப்பை எடுத்து நீளம், அகலம், உயரம் மூன்றையும் அளந்து கூட்டுங்கள். சக்கரமும் கைப்பிடியும் இந்தக் கணக்கில் சேரும். நம்மவர்கள் தவறுவது இங்கேதான். மொத்தம் 160 செ.மீ. வரை தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம். அதற்கு மேல் 250 வரை இருந்தால், பெட்டிக்கு இடமுள்ள கடைசி வரிசை சீட்டை முன்பதிவு செய்ய வேண்டும். சீட்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும் இடம் உங்கள் பெட்டிக்கு. இதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை. பதிவு செய்யாமல் ஏற்றினால் 1,000 யென் கேட்பார்கள். டோக்கியோ-கியோட்டோ போகும் டோக்காய்டோ பாதைக்கும், அதற்கு அப்பால் சான்யோ, கியூஷு பாதைகளுக்கும் இந்த விதி உண்டு.

பல விமான நிறுவனங்களின் வரம்பே 158 செ.மீ. என்பதால் உங்கள் பெட்டி 160-க்குள் அடங்கிவிடலாம். ஆனால் 23 கிலோவைத் தலைக்கு மேலுள்ள தட்டில் தூக்கி வைப்பது யார்? கியோட்டோவில் ரயில் ஓரிரு நிமிடம்தான் நிற்கும்.

இதற்கு ஜப்பானியர்களே கண்ட வழி ‘தக்யூபின்’ என்ற பார்சல் சேவை. மஞ்சள் பின்னணியில் குட்டியைக் கவ்விய கறுப்புப் பூனைப் படம் போட்ட வண்டிகள் அதனுடையவைதான். காலையில் டோக்கியோ ஹோட்டல் வரவேற்பில் பெட்டியைக் கொடுத்தால் மறுநாள் கியோட்டோ ஹோட்டலில் இருக்கும். அளவைப் பொறுத்து பெட்டிக்குச் சுமார் 2,500 முதல் 3,500 யென். பெட்டியோடு எழுதித் தரும் படிவத்தில் அடுத்த ஹோட்டலின் முகவரி, செக்-இன் தேதி, முன்பதிவில் உள்ள அதே பெயர் மூன்றும் இருக்க வேண்டும். வீட்டில் கூப்பிடும் பெயரை எழுதி, முன்பதிவு பாஸ்போர்ட் பெயரில் இருந்தால் அந்த ஹோட்டல் பெட்டியை வாங்காமல் போகலாம். ஓர் இரவுக்கான துணி, மருந்து, பாஸ்போர்ட், பணம் உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

நரிதாவில் இறங்கி ஷிஞ்ஜுகு ஹோட்டலுக்கு எப்படிப் போவது? டாக்ஸி எடுத்துவிடலாமா? (வாசகி, இந்திராநகர்)

பெங்களூரிலிருந்து நேரடி விமானம் இறங்குவது நரிதாவில். டோக்கியோ நகரம் அங்கிருந்து 60 கிலோமீட்டருக்கு மேல். டாக்ஸி 20,000 யென்னைத் தாண்டும். பெரியவர்கள் இருந்தால் லிமோசின் பஸ்தான் எங்கள் சிபாரிசு. பெட்டிக்கு டோக்கன் கட்டி பஸ்ஸின் வயிற்றில் போட்டுக்கொள்வார்கள், பெரிய ஹோட்டல்களின் வாசலிலேயே இறக்கிவிடுவார்கள். நெரிசலில் மாட்டினால் தாமதமாகும். நேரம்தான் முக்கியமென்றால் நரிதா எக்ஸ்பிரஸ் ஷிஞ்ஜுகுவுக்கே நேராகப் போகும். ஆனால் ஷிஞ்ஜுகு நிலையத்துக்கு 200-க்கும் மேல் வாசல்கள். நம் பெங்களூர் மெஜஸ்டிக் நிலையத்தில் தவறான வாசலில் ஏறினால் சாலையைக் கடந்து திரும்பலாம். அங்கே அரை மணி நேரம் போய்விடும். ஹோட்டல் எந்த வாசலுக்குப் பக்கம் என்று முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். உயேனோ, ஆசாகுசா பக்கம் தங்குபவர்களுக்கு கெய்செய் ரயில் போதும்.

ஒரே சுய்கா கார்டை நால்வரும் தட்டலாமா? (வாசகர், சிவாஜிநகர்)

முடியாது. பணம் ஏற்றி ரயிலிலும் பஸ்ஸிலும் தட்டும் இந்தக் கார்டு ஆளுக்கொன்று வேண்டும். 6 வயதுக்குக் கீழ் இலவசம். 6 முதல் 11 வரை பாதிக் கட்டணம். குழந்தைகள் கார்டுக்கு கவுன்டரில் பாஸ்போர்ட் காட்ட வேண்டும். சுற்றுலாப் பயணிகளுக்கான ‘வெல்கம் சுய்கா’ கார்டு 28 நாள் செல்லும், மீதிப் பணம் திரும்பாது; ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றுங்கள். ஏற்றும் இயந்திரங்களில் பெரும்பாலானவை ரொக்கம் மட்டுமே வாங்கும்.

கியோட்டோவில் ஒரு நாள் பஸ் பாஸ் மலிவு என்கிறார்களே? (வாசகி, மல்லேஸ்வரம்)

பஸ்ஸுக்கு மட்டுமான அந்தப் பாஸின் விற்பனையை 2023-லேயே நிறுத்திவிட்டார்கள். இப்போது மெட்ரோவும் பஸ்ஸும் சேர்ந்த 1,100 யென் பாஸ்தான். நகர பஸ்ஸில் ஒரு சவாரி 230 யென். பின் கதவில் ஏறி, இறங்கும்போது முன்னால் ஓட்டுநர் பக்கத்துப் பெட்டியில் போட வேண்டும். அந்தப் பெட்டி சில்லறை தராது. பக்கத்து இயந்திரத்தில் 1,000 யென் நோட்டை மாற்றிக்கொள்ளலாம், 10,000 நோட்டு எடுபடாது. ஃபுஷிமி இனாரிக்குப் பஸ்ஸே வேண்டாம். கியோட்டோ நிலையத்தில் நாரா லைன் ஏறினால் இரண்டாவது ஸ்டேஷன் இனாரி, எதிரே கோயில் வாசல்.

அம்மாவுக்குச் சின்ன ரைஸ் குக்கர், மாத்திரைகள், கறிவேப்பிலை எடுத்துப் போகலாமா? (வாசகி, அல்சூர்)

குக்கர் வேண்டாம். அங்கே 100 வோல்ட். நம் 230 வோல்ட் சாதனம் அதில் ஐந்தில் ஒரு பங்கு சூடுதான் தரும். அரிசி ஊறும், வேகாது. பச்சைக் கறிவேப்பிலையும் மாம்பழமும் தாவரச் சுகாதாரச் சான்று இல்லாமல் உள்ளே போகாது. டாக்டர் எழுதிய மாத்திரைகள் ஒரு மாத அளவுக்குள், சீட்டோடு, அட்டை பிரிக்காமல் இருக்கட்டும். சளி மாத்திரையில் சூடோஎஃபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் இருந்தால் தடை, ஆகவே அட்டையின் பின்புறத்தைப் படித்துவிட்டுப் பையில் போடுங்கள்.