இரண்டு திராட்சை

அன்புள்ள ஐயா,

'பான்ஸ் லாபிரிந்த்' படத்தை நேற்றுதான் பார்த்தேன். அந்தப் பாதாள உலகம் நிஜமா, இல்லை சிறுமி ஒஃபீலியாவின் கற்பனையா? இன்னொன்று. 'எதையும் தின்னாதே' என்று எச்சரித்து அனுப்பியும் விருந்து மேஜையில் திராட்சையை எடுத்துத் தின்கிறாளே, அவ்வளவு முட்டாளா அவள்? கதையை நகர்த்த இயக்குநர் செய்த சோம்பேறி வேலையாகவே பட்டது.

முரளி

அன்புள்ள முரளி,

நிஜமா கற்பனையா என்பதில் எனக்கு அக்கறை இல்லை. தன்னைப் பொறுத்தவரை நிஜம்தான் என்று இயக்குநர் கியர்மோ டெல் டோரோவே சொல்லிவிட்டார். அதை விடுங்கள்.

'முட்டாள்' என்ற சொல்தான் இரண்டு நாளாக உறுத்துகிறது. படத்தைப் பார்த்தீர்களா, ஓடவிட்டு வேறு வேலை பார்த்தீர்களா? புது உடையைச் சேறாக்கியதற்காக, ராத்திரிச் சாப்பாடு கிடையாது என்று அம்மா படுக்க அனுப்பிய பெண் அவள். அதே ராத்திரி கீழே அவளுடைய மாற்றாந்தகப்பன், ராணுவ கேப்டன் விடால் விருந்து வைக்கிறான். குடும்பத்துக்கு இனி ஒரே ரேஷன் அட்டை என்று சாப்பிட்டுக்கொண்டே அறிவிக்கிறான். மேஜையில் பாதிரியாரும் இருக்கிறார். பிறகு பாதாளத்தில், அவள் திராட்சை தின்னும் இடத்தில், அந்த வெளிறிய அரக்கன் உட்கார்ந்திருப்பதும் அதே மாதிரி மேஜையின் தலைமாட்டில்தான்.

கதை நடப்பது 1944இல், ஸ்பெயினில். உள்நாட்டுப் போர் முடிந்து ஐந்து வருஷம். சர்வாதிகாரி பிராங்கோ ஜெயித்துவிட்டார், மலையில் சிலர் மட்டும் இன்னும் துப்பாக்கியைக் கீழே வைக்கவில்லை. 1939 முதல் 1952 வரை ஸ்பெயினில் ரேஷன். அந்தக் காலத்துக்கு அங்கே 'பசி வருஷங்கள்' என்றே பெயர். முற்றத்தில் ஜனங்களுக்கு ரொட்டி கொடுக்கும்போது, பிராங்கோவின் ஸ்பெயினில் அடுப்பெரியாத வீடில்லை என்று கூவுகிறார்களே, நினைவிருக்கிறதா? உணவு வைத்த அறையின் சாவியை விடால் தன் கையில் வாங்கிக்கொள்கிறான். வேலைக்காரி மெர்சிடிஸிடம் இன்னொரு சாவி இருக்கிறது. மலையில் இருக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கு ரகசியமாக உதவுகிறவள் அவள். அவர்கள் அந்த அறைக்குள் புகுந்தபோது பூட்டு உடையவில்லை என்பதில்தான் அவள் மாட்டிக்கொள்கிறாள். சோறு யார் கையில், சாவி யார் இடுப்பில் என்பதுதான் படம் முழுக்க.

சின்ன வயதில் நான் வளர்ந்த உறவினர் வீட்டிலும் உக்கிராண அறைச் சாவி பெரியம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். ஒரு கண்ணாடி டம்ளரை உடைத்ததற்காக அன்று ராத்திரி எனக்குச் சோறில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு எழுந்து போனேன். அடுக்களை மாடத்தில் ஒரு துண்டு அச்சுவெல்லம் கிடந்தது. எறும்பைக்கூடத் தட்டாமல் வாயில் போட்டேன். அடி விழும் என்று தெரியும். தெரிந்துதான் போட்டேன். நாக்கில் எறும்பு கடித்தது இன்றைக்கும் நினைவிருக்கிறது.

பசியோடு படுத்த குழந்தையை முட்டாள் என்று சொல்லாதீர்கள், முரளி. கோபித்துக்கொள்ளவும் வேண்டாம். நீங்கள் ஈரமுள்ள ஆள், உங்கள் பழைய கடிதங்களைப் படித்தவன் நான். அதனால்தான் இவ்வளவு எழுதுகிறேன்.

இன்னொரு தடவை பாருங்கள். முயல் பிடிக்க வந்தோம் என்று கெஞ்சும் அப்பனையும் மகனையும் விடால் கொன்றுவிடுகிறான். மகனை பாட்டிலால் முகத்திலேயே அடித்து. அதற்கப்புறம்தான் பையைத் துழாவுகிறான், உள்ளே முயல்கள். அவற்றை மெர்சிடிஸிடம் கொடுத்து ராத்திரிக்குச் சமைக்கச் சொல்கிறான். ரொம்ப இளசு, தேறாது என்கிறாள் அவள்.