பல இலக்குகள் இருக்கும்போது எதை முதலில் கையில் எடுப்பது என்று மனம் எப்படி முடிவெடுக்கிறது?

எது முக்கியம் என்பதை மட்டும் வைத்து மனம் முடிவெடுப்பதில்லை. எதில் எவ்வளவு பின்தங்கியிருக்கிறோம், இன்னும் எவ்வளவு நேரம் மிச்சம் என்ற இரண்டும் நம்மை நிறையவே ஆட்டிவைக்கின்றன.

ஷ்மிட், டிஷோன் என்ற உளவியலாளர்கள் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பங்கேற்ற ஒவ்வொருவரிடமும் இரண்டு வேலைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். தொடக்கத்தில், அதிகம் பாக்கி கிடந்த வேலைக்கே நேரம் போனது. கெடு நெருங்க நெருங்க அது தலைகீழானது. முடிக்கும் தறுவாயில் இருந்த வேலைக்குப் பங்கேற்றவர்கள் தாவிவிட்டார்கள்.

நான் யாழ்ப்பாணத்துக் கொக்குவிலில், பல்கலைக்கழகம் போவதற்கான உயர்தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறேன். வருடா வருடம் இதையேதான் பார்க்கிறேன். உயிரியல் பிரிவில் பலருக்குப் பௌதிகவியல் இடிக்கும். பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது அதற்கு இரண்டு இடத்தில் ரியூசன், விடியவெள்ளன எழும்பிக் கணக்கு. கடைசி மாதம் வந்ததும் அந்தக் கொப்பியே வெளியில் வராது. ஏற்கெனவே நன்றாக வரும் உயிரியலைத் திரும்பத் திரும்ப வாசிப்பார்கள். கேட்டால், "சேர், இனி அது சரிவராது. இதிலயாவது ஏ எடுப்பம்" என்பார்கள். மூன்று பாடமும் சித்தியடையாமல் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்க முடியாது, தெரிவும் மூன்றின் சராசரி இசட் புள்ளியில் (பாடங்களை ஒப்பிடக்கூடியதாக மாற்றிக் கணக்கிடும் புள்ளி) தான் என்பது அவர்களுக்கு வடிவாகத் தெரியும். தெரிந்தும் அப்படித்தான். இதைச் சோம்பல் என்று வீட்டில் ஏசுவது அநியாயம். அந்தப் பிள்ளை விடிந்ததிலிருந்து படித்துக்கொண்டுதான் இருக்கிறது.

உளவியலாளர் விக்டர் வ்ரூம் 1964இல் சொன்ன கணக்கு இங்கே பொருந்துகிறது. ஒன்றின் பெறுமதியும், அது கைகூடும் என்ற நம்பிக்கையும் பெருக்கலாகச் சேர்ந்துதான் ஊக்கம் வருகிறது. நம்பிக்கை பூச்சியமானால் பெறுமதி எவ்வளவு பெரிதாக இருந்தும் பிரயோசனமில்லை. ஆகவே "இது முக்கியம், படி" என்று நூறு தரம் சொன்னாலும் எடுபடாது.

சரி, என்ன செய்யலாம்? இலக்குக்கு உள்ள தூரத்தைக் குறைக்க வேண்டும். முழுப் பௌதிகவியலையும் விட்டுவிட்டு, வெப்பமும் அலைகளும் மட்டும் என்று பிடிக்கச் சொல்வேன். அப்புறம், எப்போது என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்துவிட வேண்டும். "இன்னது நடந்தவுடன் இதைச் செய்வேன்" என்று தீர்மானித்து வைத்தால் செய்து முடிப்பது கூடுகிறது என்று உளவியலாளர் பீட்டர் கோல்விட்சரின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. நான் பிள்ளைகளிடம் கேட்பது இவ்வளவுதான்: இரவு சாப்பிட்டுக் கை கழுவியதும், வேறு கொப்பி திறக்க முன், பழைய பௌதிகவியல் வினாத்தாளில் ஒரு அமைப்புக் கட்டுரை வினா. அரை மணித்தியாலம் போதும். மிச்ச இரவு முழுக்க உயிரியலையே வாசிக்கட்டும், நான் மறிப்பதில்லை.