மீட்டரில் 38 ஓம், கணக்கில் 535 ஓம்: எது சரி?

கேள்வி: 230 வோல்ட், 100 வாட் குண்டு பல்பு ஒன்று எரியும்போது 0.43 ஆம்பியர் எடுக்கிறது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை 535 ஓம். அதே பல்பைக் கழற்றி மல்டிமீட்டரில் அளந்தால் 38 ஓம்தான் காட்டுகிறது. 38 ஓமை வைத்துக் கணக்குப் போட்டால் 1,392 வாட் வருகிறது! மீட்டர் பழுதா, சூத்திரம் தப்பா?

பதில்: மீட்டரும் பழுதில்லை, சூத்திரமும் தப்பில்லை. நீங்கள் அளந்தது ஒரே பல்பின் இரண்டு நிலைகளை. எரியும் பல்பில் டங்ஸ்டன் இழையின் வெப்பம் 2,500 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உலோகம் சூடேற ஏறத் தடையும் ஏறும். டங்ஸ்டனில் இந்த ஏற்றம் பன்னிரண்டு பதினைந்து மடங்கு வரை போகும். மல்டிமீட்டர் தன் பேட்டரியிலிருந்து அனுப்பும் மின்னோட்டமோ மிகச் சிறியது. அதில் இழை சூடாவதில்லை. ஆகவே 38 ஓம் என்பது குளிர்ந்த இழையின் தடை.

அந்த 1,392 வாட்டும் வெறும் கற்பனை இல்லை. சுவிட்ச் போட்ட கணத்தில் இழை இன்னும் குளிர்ந்தே இருப்பதால் 6 ஆம்பியர் அளவுக்குப் பாய்கிறது. ஏசி அலையின் உச்சத்தில், அதாவது 325 வோல்ட்டில் சுவிட்ச் விழுந்தால் எட்டரை ஆம்பியர். கண் இமைப்பதற்குள் இழை சூடாகி இது 0.43க்கு இறங்கிவிடும். பழைய குண்டு பல்புகள் பெரும்பாலும் சுவிட்ச் போடும்போதே ஃபியூஸ் போவதற்கு இதுதான் காரணம்.

ஆக, மின்னழுத்தத்தை மின்னோட்டத்தால் வகுத்து வரும் தடை, அளந்த நேரத்து நிலைக்கு மட்டுமே உரியது. இரண்டையும் பெருக்கி வரும் வாட்டும் அப்படித்தான். வோல்ட், ஆம்பியர் இரண்டையும் சாதனம் ஓடும்போது, ஒரே நேரத்தில், சாதனத்தின் முனைகளிலேயே அளக்க வேண்டும். லேபிளில் உள்ள வோல்ட்டையும் மீட்டரில் வந்த ஆம்பியரையும் கலந்து கணக்குப் போடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

ஹீட்டரில் இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது. ஹீட்டர் காயிலாகச் சுற்றியிருக்கும் நிக்ரோம் (நிக்கல்-குரோமியம் கலவை) கம்பியின் தடை சூட்டில் சில சதவீதமே கூடும். 230 வோல்ட், 1,000 வாட் ஹீட்டர் என்றால் 4.35 ஆம்பியர், 52.9 ஓம். பிளக்கைக் கழற்றிவிட்டு அளந்தாலும் 50 ஓமை ஒட்டியே காட்டும். முடிவிலி காட்டினால் காயில் அறுந்திருக்கும், அல்லது தெர்மல் ஃபியூஸ் போயிருக்கும். வோல்டேஜ் 205க்கு இறங்கிவிட்டால்? பலரும் 205ஐ 4.35ஆல் பெருக்கி 892 வாட் என்பார்கள். வோல்ட் குறைந்தால் ஆம்பியரும் 3.88 ஆகக் குறையும் என்பதை மறந்துவிடுகிறார்கள். தடை மாறாத இடத்தில் வோல்ட்டின் வர்க்கத்தைத் தடையால் வகுக்க வேண்டும். கிடைப்பது 794 வாட். வோல்ட்டில் 11 சதவீதம் குறைந்தால் சூட்டில் 21 சதவீதம் போய்விடுகிறது.

மோட்டாருக்கு இந்தக் கணக்கு அப்படியே ஒத்துவராது. மீட்டரில் வைன்டிங் (மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் காயில்) சில ஓம்களே காட்டும். ஓடும்போது மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்துவது பெரும்பாலும் காயிலின் காந்தப்புலம். 230 வோல்ட்டில் 6 ஆம்பியர் என்றால் பெருக்கி வரும் 1,380 வோல்ட்-ஆம்பியர். அது வாட் அல்ல. பவர் ஃபேக்டர் (வோல்ட்-ஆம்பியரில் உண்மையான வாட்டின் பங்கு) 0.8 என்றால் உண்மையான திறன் 1,104 வாட். எல்இடி பல்பு, சார்ஜர் போன்றவற்றுக்கு ஓம் கணக்கே வேண்டாம். வாட் மீட்டரில் செருகிப் பார்த்துவிடுங்கள்.

மின்னோட்டம் அளக்கும்போது மீட்டர் சுற்றுக்குள் தொடராக வர வேண்டும். சிவப்பு முனையை 10 ஆம்பியர் துளையில் வைத்து அளந்துவிட்டு, அதை மாற்றாமலே வோல்ட் பார்க்கப் போனால் மீட்டரே ஷார்ட் சர்க்யூட் ஆகிவிடும். ஃபியூஸ் போவதோடு நின்றால் நல்லது. மலிவான மீட்டரில் அந்தத் துளைக்கு ஃபியூஸே இல்லாமலும் இருக்கும். மெயின்ஸ் இணைப்பில், வயரை வெட்டாமல் வளையத்தால் சுற்றிப் பிடித்தே அளக்கும் கிளாம்ப் மீட்டர்தான் பாதுகாப்பு. அதில் ஒரே ஒரு வயரை மட்டும் வளையத்துக்குள் விடுங்கள். ஃபேஸ், நியூட்ரல் இரண்டும் சேர்ந்து போனால் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு பூஜ்யம் காட்டும். மின்னோட்டம் சிறிதாக இருந்தால் அந்த வயரைப் பத்துச் சுற்று சுற்றி, வரும் எண்ணைப் பத்தால் வகுக்கலாம்.

ஒரு ஓமுக்கும் குறைவான தடைக்கு மல்டிமீட்டரின் ஓம் அளவை நம்ப வேண்டாம். முனைகள் இரண்டையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2, 0.3 ஓம் காட்டும். அங்கே வோல்ட்டை ஆம்பியரால் வகுக்கும் முறையே கைகொடுக்கும். சந்தேகப்படும் இணைப்பை மெயின்ஸிலிருந்து முழுதாகப் பிரித்துவிடுங்கள். மின்னோட்டக் கட்டுப்பாடுள்ள டிசி பவர் சப்ளையில் சரியாக 1 ஆம்பியர் வைத்து அதன் வழியே விட்டு, இணைப்பின் இருபக்கமும் மில்லிவோல்ட் பாருங்கள். 85 மில்லிவோல்ட் வந்தால் தடை 0.085 ஓம். கேட்கச் சிறிதாகத்தான் தெரியும். 16 ஆம்பியர் போகும் பிளக்கில் இந்தத் தடை இருந்தால், மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையால் பெருக்கிப் பாருங்கள்: அந்த ஒரு முனையில் மட்டும் கிட்டத்தட்ட 22 வாட் சூடு. ஒரு சிறு சால்டரிங் அயர்ன் அளவு. தளர்ந்த பிளக் கருகுவது இப்படித்தான்.